இரண்டு சிலுவை உள்ள வார்த்தை

என் மகளுடைய முகத்தை வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குப் பார்ப்பேன். முத்தியால்பேட்டையில் மாவு மில்லுக்கு மாடியில் ஒரு பிரௌசிங் சென்டர் இருந்தது. கீழே மிளகாய் அரைத்தால் மேலே எல்லாரும் சேர்ந்து தும்முவோம். பிளைவுட் தடுப்புப் போட்டு ஆறு கம்ப்யூட்டர். கடைசித் தடுப்பு என்னுடையது. சென்டர்காரர் பிரியத்தால் ஒதுக்கவில்லை. நான் திரையைத் தொட்டுத் தொட்டுப் பேசுகிறேன், கண்ணாடியெல்லாம் விரல் எண்ணெய் என்று மற்றவர்கள் குறை சொன்னார்களாம். அதனால் என்னை ஓரங்கட்டினார்.

மகள் பிரான்சில் இருந்தாள். மாப்பிள்ளை இந்த ஊர்தான். அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து குடியுரிமை வாங்கியவர். அப்படிப்பட்ட வீட்டைச் சொல்தா வீடு என்போம். மில்லில் நூல் சுற்றிய என் வீட்டுப் பெண் சொல்தா வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டது எங்கள் தெருவுக்கே பொறாமையாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது. அதை எழுத இப்போது வெட்கமாக இருக்கிறது, ஆனால் பெருமையாகத்தான் இருந்தது.

முதல் வருஷம் போன் மட்டும்தான். "நல்லா இருக்கேம்மா" என்பாள். சத்தம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு கேமரா வந்தது. அங்கே மத்தியானச் சாப்பாட்டு வேளை, வெயில் காலம். ஆனாலும் மணிக்கட்டு வரைக்கும் கை மூடிய சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். ஒரு ஞாயிறு முடியை ஒதுக்கக் கையைத் தூக்கினாள். சட்டை சரிந்தது. முழங்கைக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்கு நீலம். நான் பார்த்துவிட்டேன் என்பது அவளுக்குத் தெரிந்தது.

"கேன்டீன்ல அடுப்பு பட்டுச்சும்மா" என்றாள்.

நெருப்புப் பட்டால் நீலம் பாயாது. எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "மஞ்சள் வச்சியா?" என்று கேட்டேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த நாளிலிருந்து முகத்தைத்தான் தேடித் தேடிப் பார்ப்பேன். கன்னம், கண்ணோரம், உதட்டு முனை. எந்த வாரமும் முகத்தில் ஒன்றும் இருக்காது. ஞாயிற்றுக்கிழமை நான் பார்ப்பேன் என்று மாப்பிள்ளைக்குத் தெரியும். அதனால் முகம் தப்பித்துக்கொண்டிருந்தது. கடல் தாண்டி நான் அவளுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான். வாரத்துக்கு ஒரு தடவை அவளைப் பார்ப்பது.

மாப்பிள்ளைக்குப் படம் என்றால் பைத்தியம். இங்கே வெள்ளிக்கிழமை தியேட்டரில் போட்ட படத்தைச் சனிக்கிழமை அங்கே கம்ப்யூட்டரில் டவுன்லோட் பண்ணி, கூட்டாளிகளைக் கூட்டி வைத்துப் பார்ப்பார். என் மகள் எல்லாருக்கும் வடை சுடுவாள். ஞாயிற்றுக்கிழமை கேமராவில் தலையை நீட்டி, "இன்னா அத்த, புதுப்படம் நாங்க பாத்துட்டோம். நீங்க ஊர்லயே இருந்துகினு இன்னும் பாக்கலியா?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன்.

அப்படி இருக்கும்போது, இரண்டாயிரத்து ஒன்பதாம் வருஷம் கோடை தொடங்கிய நேரம், ஒரு ஞாயிறு திரையில் மகளுக்கு முன்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அவள் பின்னால் சுவரோரம் நின்றாள். அவர் கையில் மடித்த காகிதம் ஒன்று இருந்தது.

"அத்த, உங்க பொண்ணு இன்னா பண்ணிட்டா தெரியுமா? திருடிட்டா. கவர்மெண்டே லெட்டர் போட்டுட்டான்."

கடையில் எதையாவது எடுத்துவிட்டாளா என்றுதான் முதலில் நினைத்தேன்.

"நெட்ல படம் எறக்கறது திருட்டாம். புதுச் சட்டம். மொத்தம் மூணு வாட்டி எச்சரிக்க. இது மொத வாட்டி. மூணாவது வந்தா லைன் கூப்பே."

கூப்பே என்றால் வெட்டு. எங்கள் ஊரில் கரண்டு நின்றால்கூடப் பழைய ஆட்கள் கூப்பே என்பார்கள்.

"ஒரு வருஷத்துக்கு வீட்ல எவனுக்கும் நெட்டு கெடையாது. வேற கம்பெனியும் குடுக்க மாட்டான்."

படம் இறக்கியது நீங்கள்தானே மாப்பிள்ளை என்று கேட்க வேண்டும். தொண்டை வரைக்கும் வந்தது. நான் மளிகைக் கடையில் மீதிச் சில்லறை குறைந்தாலே கேட்கக் கூசுகிறவள். வாய் அசைந்ததைப் பார்த்து அவரே புரிந்துகொண்டார்.

"யாரு எறக்குனாங்கறது சட்டத்துக்குத் தேவையில்ல அத்த. லைன் யாரு பேர்ல இருக்குதோ அவங்கதான் திருடன். லைன் இவ பேர்ல. அப்ப யாரு திருடி?" திரும்பி அவளைப் பார்த்தார். "சொல்லு. உங்கம்மாவுக்குச் சொல்லு, யாரு திருடி?"

லைன் எடுத்தபோது சம்பளச் சீட்டு கேட்டார்களாம். அப்போது அவருக்கு வேலை இல்லை, அவளுக்குத்தான் கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வேலை. அதனால் அவள் பேர்.

"நான்தாம்மா" என்றாள் சுவரோரத்திலிருந்து.

"ஆங். அதனால ரெண்டு வாரத்துக்கு அப்பறம் கேமரா கெடையாது அத்த. கேமரா போட்டா லைன் ஜாஸ்தி இழுக்கும். அவன் கவனிப்பான். எப்பவாச்சும் போன்ல பேசிக்குங்க. மூஞ்சிய பாத்துகினே இருந்தாத்தான் பாசமா?"

திரை கறுத்துவிட்டது. என் முகம் அதில் தெரிந்தது. பக்கத்துத் தடுப்பிலிருந்து ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. அவர் பழைய கோர்ட் குமாஸ்தா, பிரெஞ்சுக்காரன் காலத்துக் கடைசியில் வேலைக்குச் சேர்ந்தவர். பிரெஞ்சுப் பத்திரிகை வாசிக்க வருவார். சென்டரில் நான் பேசுவது எல்லாருக்கும் கேட்கும். நான் கூச்சப்பட்டு மெதுவாகப் பேசினாலும் மாப்பிள்ளை சத்தமாகத்தான் பேசுவார்.

"ஏம்மா, உன் மருமகன் இன்னா புளுகறான்? அந்தச் சட்டம் இன்னும் வரவே இல்லியே" என்றார். "அங்க பார்லிமெண்ட் சபையில அடிச்சிகினு கெடக்கறாங்க. போன வாட்டி ஓட்டுக்கு விட்டப்ப கை தூக்க ஆளில்லாம தோத்தே போச்சு. மறுபடியும் கொண்டாறப் போறானுங்க. கொண்டாந்தா பெரிய அநியாயம், அது வேற. ஜட்ஜு கெடையாது, விசாரண கெடையாது. ஒரு ஆபீஸ்ல ஒக்காந்துகினு, எந்த வீட்டு லைன்ல இன்னா போவுதுன்னு பாத்து, மூணு எண்ணிட்டு அறுத்துடுவான். நான் பண்ணலன்னு சொல்றதுன்னா அறுத்த அப்பறம்தான் மனு போடணும்."

எங்கள் மாதா கோயிலில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று மூன்று தடவையும் கேட்பார்கள். அங்கே எண்ணுவது கேட்பதற்காக. இது என்ன எண்ணுகிற முறை என்று எனக்கு விளங்கவில்லை.

சென்டர்காரருக்கு ஒரே குஷி. "நம்ம ஊர் போலீசுதான் அங்க போயி வேலைக்குச் சேந்திருக்கும் சார்!" என்றார். அவரைத் திருட்டு சிடி போடுகிறார் என்று முன்பு ஒரு தடவை பிடித்திருந்தார்கள். "என் கம்ப்யூட்டரத் தூக்கிகினு போனப்ப, அதுல ஊர்க்காரங்க ஜாதகமெல்லாம் அடிச்சி வச்சிருந்தேன். படத்தத் தேடி வந்தவன் ஜாதகத்தையும் சேத்துத் தூக்கிட்டான். வைகாசி முகூர்த்தம் ஒண்ணு அதாலயே நின்னு போச்சு. பொண்ணு வூட்டுக்காரன் இன்னிக்கும் என்னப் பாத்தா காறித் துப்பறான்." சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "யம்மா, போலீசு கேட்டா காட்ட வச்சிருக்கிற உன் ரேஷன் கார்டு நகல் பழசாயிடுச்சி. அடுத்த வாரம் புதுசு குடு. வூட்ல திருடிய வச்சிகினு இருக்கிற. நான் உஷாரா இருக்கணும்ல?"

எல்லாரும் சிரித்தார்கள். குமாஸ்தாவும் சிரித்தார். பிறகு, "அந்த லெட்டரக் கேமராவுல காட்டச் சொல்லு. நான் வாசிச்சிச் சொல்றேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அதே நினைப்பு. அடுத்த ஞாயிறு நாலரை மணிக்கே போய் உட்கார்ந்தேன். ஐந்து ஆயிற்று, குமாஸ்தா வரவில்லை. கீழே மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தான். அவருக்கு ஆஸ்துமா, மிளகாய் அரைக்கிற நாளில் மாடி ஏற மாட்டார் என்று சென்டர்காரர் சொன்னார். திரையில் மகள் வந்தாள். தனியாக இருந்தாள். மாப்பிள்ளை ரொட்டி வாங்கக் கடைக்குப் போயிருந்தார்.

"அந்த லெட்டரக் கொண்டாந்து காட்டுடி" என்றேன்.

"எதுக்கும்மா? வேணாம்."

"காட்டுடி. பாக்கணும்."

"உனுக்கு இன்னா தெரியப் போவுது? வேணாம்மா. சொன்னா கேளு."

"அது எங்க இருக்குதுன்னு தெரியுமா தெரியாதா?"

தெரியும் என்று தலையாட்டினாள். அலமாரியில் அவர் சட்டைக்கு அடியில் இருந்ததாம். எழுந்து போனாள். வந்தாள். காகிதத்தை மார்போடு வைத்துக்கொண்டு வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். "இன்னொரு வாரம் பாக்கலாம்மா" என்றாள். நான் விடவில்லை. பெற்றவள் என்ற அதிகாரத்தில் அதட்டினேன். வாழ்நாளில் நான் அதட்டியது அவள் ஒருத்தியைத்தான்.

காகிதத்தை விரித்துக் கேமராவுக்கு முன்னால் பிடித்தாள். சின்ன எழுத்தெல்லாம் எறும்பு ஊர்வது போல இருந்தது. மேலே மட்டும் சிவப்பில் பெரிதாக ஒரு வார்த்தை. ஏழு எழுத்து. நாலாவது எழுத்து சிலுவை மாதிரி. கடைசி எழுத்து இன்னொரு சிலுவை.

அந்த வார்த்தையை நான் அறுபது வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறேன்.

நான் ஐந்தாவது வரைக்கும் கன்னியாஸ்திரீகள் பள்ளிக்கூடத்தில் படித்தேன். பிரெஞ்சில்தான் எழுத்துப் பழக்கினார்கள். காசு கட்ட முடியாத பிள்ளைகளுக்கு மத்தியானம் ஒரு துண்டு ரொட்டியும் கஞ்சியும் உண்டு. அதை வாங்கக் கழுத்தில் ஒரு அட்டை தொங்க வேண்டும். அட்டையில் சிவப்பு மையில் இந்த ஒரு வார்த்தைதான் இருக்கும். கிராத்துயி. இலவசம். காசு கட்டின பிள்ளைகள் எங்கள் பேரைச் சொல்ல மாட்டார்கள். "ஏ கிராத்துயி, நகரு." "கிராத்துயி தொட்ட பலகைய நான் தொட மாட்டேன்." ஒரு நாள் அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போனேன். மா சேர், அதாவது எங்கள் கன்னியாஸ்திரீ டீச்சர், என்னைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகுச் சட்டையில் சாக்பீஸால் அந்த வார்த்தையை எழுதிவிட்டார். கஞ்சி கொடுத்தார்கள். சாயங்காலம் அப்படியே வீடு வரைக்கும் நடந்தேன். தெருவில் யார் யார் வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, முதுகில் அல்லவா இருந்தது.

கல்யாணமாகி வந்தால், நாத்தனார் அதே பள்ளிக்கூடத்தில் எனக்கு மேல் வகுப்பில் காசு கட்டிப் படித்தவள். சோற்றுத் தட்டை என் முன்னால் வைக்கும்போதெல்லாம் காதோரம் வந்து, "கிராத்துயி, சாப்டு" என்பாள். சாகிற வரைக்கும் சொன்னாள். அதனால்தான் எனக்குப் பிரெஞ்சு எழுத்துத் தெரியும் என்பதை யாரிடமும் சொல்லவில்லை. மகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் போட்டேன். அவளுக்கு அந்த எழுத்தை நான் ஒரு நாளும் சொல்லிக் கொடுக்கவில்லை.

திரையில் அந்த வார்த்தை ஆடிக்கொண்டிருந்தது. திருடன் என்று எச்சரிக்கிற காகிதத்தில் இலவசம் என்று எதற்காகச் சிவப்பில் எழுதுவான்? அதற்குக் கீழே ஒரு பொம்பளை போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரிக்கிற படம் வேறு இருந்தது. கவர்மெண்ட் காகிதத்தில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

"அடியே, இது எச்சரிக்கை இல்லடி!" என்று கத்திவிட்டேன். சென்டரே திரும்பிப் பார்த்தது. "கிராத்துயின்னு போட்டிருக்கான். கிராத்துயின்னா இலவசம். எதையோ சும்மா குடுக்கறேன்னு விளம்பரம் போட்டிருக்கான். உம் புருஷன் பொய் சொல்றான். சட்டமே இன்னும் வரலடி. கோர்ட்டு குமாஸ்தா சொன்னாரு. நீ திருடி இல்ல. கேக்குதா? நீ திருடி இல்ல."

அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். காகிதத்தைக் கீழே இறக்கினாள். அவள் முகத்தில் ஒன்றுமே இல்லை. என்னைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியாத ஓர் இடத்தை, கேமராவுக்குப் பக்கவாட்டில், பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பக்கத்திலிருந்து கைதட்டுகிற சத்தம் கேட்டது.

"ஷப்பாஷ்! அத்தைக்கு பிரெஞ்சு தெரியுமா?" கக்கத்தில் நீள ரொட்டியோடு மாப்பிள்ளை திரைக்குள் வந்தார். "இத்தன நாளா சொல்லவே இல்லியே. எங்க, இன்னொரு வாட்டி சொல்லுங்க. கிராத்துயி. அடடா, மா சேர் மாதிரியே!"

நான் திரையிலிருந்து கையை எடுத்தேன்.

"சட்டம் வரலன்னு அத்தைக்குத் தெரிஞ்சிபோச்சு. வரலன்னா இன்னா? வரும். நான் நல்ல குடிமகன் அத்த. சட்டம் வர்றதுக்கு முன்னாடியே அடங்கி நடக்கறவன். ரெண்டு வாரம்னு சொன்னேன். எதுக்கு ரெண்டு வாரம்?" ரொட்டியை மகள் கையில் கொடுத்தார். "அம்மாவுக்கு டாட்டா சொல்லு."

அவள் கையைத் தூக்கினாள். பாதி தூக்கிய கையோடு படம் அப்படியே நின்றுவிட்டது. நான் திரையைத் தொட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. சென்டர்காரர் வந்து, "அந்தப் பக்கம் புடுங்கிட்டாங்கம்மா. நீ எழுந்துரு, ஆளு காத்துகினு இருக்காங்க" என்றார். நான் எழுந்ததும் தோள் துண்டால் கண்ணாடியைத் துடைத்தார்.

அதற்கு அப்புறம் ஏழெட்டு ஞாயிறு போனேன். சென்டர்காரர் மகள் பேரைத் தேடிப் பார்த்துவிட்டு, "பேரு பக்கத்துல பொட்டு சாம்பலா இருக்குதும்மா, பச்சை ஆவல. அவ உள்ள வரல" என்பார். பிறகு தேடிப் பார்க்காமலேயே சொல்லத் தொடங்கினார். போன் அடித்தால் எடுக்கவில்லை. ஊரில் இருந்த சம்பந்தியம்மாளைப் போய்ப் பார்த்தேன். நாற்காலி போடவில்லை. "அங்க சட்டம் கெடுபுடியாம். உங்க பொண்ணு ஏதோ திருடிப் பேர் கெடுத்துகினாளாமே" என்றார். அந்த அம்மாளுக்கும் மாப்பிள்ளை அதே கதையைச் சொல்லி வைத்திருந்தார். எங்கள் தெருவுக்கும் அது வந்து சேர்ந்தது. பொறாமைப்பட்டவர்கள் எல்லாரும் வந்து துக்கம் விசாரித்தார்கள்.

ஒரு நாள் கடைத்தெருவில் குமாஸ்தா என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். முகமெல்லாம் பல்.

"ஜெயிச்சிட்டோம்மா! சட்டத்தச் சபையில நெறவேத்திட்டானுங்க. ஆனா அங்க பெரிய ஜட்ஜுங்க ஒக்காந்து, ஜட்ஜு சொல்லாம எவன் லைனையும் அறுக்கக் கூடாதுன்னு தீர்ப்புக் குடுத்துட்டாங்க. நெட்டுங்கறது மனுஷன் பேசற உரிமையில சேத்தியாம். எப்படி? லிபெர்த்தே, சுதந்திரம்னா சும்மாவா?"

எனக்குப் பேச வந்தது. ஒரு தடவை வாயைத் திறந்துவிட்டதால் கூச்சம் கொஞ்சம் விட்டிருந்தது.

"வூட்டுக்குள்ள புருஷன் அறுத்தா எந்த ஜட்ஜுகிட்ட போறதுங்க?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அது குடும்ப விஷயம்மா. அதுவும் இதுவும் ஒண்ணா?" என்று சொல்லிவிட்டு மீன் வாங்கப் போய்விட்டார். ஜட்ஜையும் சேர்த்து அதே சட்டத்தை மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள் என்று பிற்பாடு அவரே சொன்னார். அப்போது முகத்தில் பல் இல்லை. எனக்கு இரண்டு செய்தியும் ஒரே மாதிரிதான் இருந்தது. அந்தச் சட்டம் வருவதற்கு முன்னாலேயே என் வீட்டில் அதன் வேலை முடிந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு மத்தியானம் எதிர் வீட்டு போனுக்கு மகள் கூப்பிட்டாள். கேன்டீனுக்குப் பக்கத்தில் வெளிநாட்டுக்குப் பேசுகிற கடை ஏதோ இருந்ததாம். நான் மூச்சிரைக்க ஓடிப்போய் எடுத்தேன். எதிர் வீட்டுக்காரி கேட்டுக்கொண்டே கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏம்மா அன்னிக்கு வாயத் தொறந்த?" என்றாள் மகள். நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை.

"அவன் ஏமாத்தறான்னு உனுக்குத் தெரியணும்ல? உனுக்கு அந்த எழுத்து தெரியாதே. நான் சொல்லிக் குடுக்கலியே."

"இங்க எல்லாக் கட வாசல்லயும் அந்த வார்த்ததாம்மா எழுதி வச்சிருக்கான். தெனம் பாக்கறேன். விளம்பரம்னு அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி நின்னேன். அப்பிடியே நின்னா கொஞ்ச நாள்ல அவருக்குச் சலிச்சிடும். கேமராவ நிறுத்தற பேச்ச விட்டுடுவாரு. எப்பவும் அப்பிடித்தான் விடுவாரு. வேணாம் வேணாம்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

எதிர் வீட்டுக்காரி கீரை ஆய்வதை நிறுத்திவிட்டாள். நான் போனை வேறு காதுக்கு மாற்றினேன். கேட்க நினைத்ததை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில் நேராகவே கேட்டேன்.

"மூஞ்சி எப்பிடிடி இருக்கு?"

"இப்பதான் யாரும் பாக்கறதில்லியேம்மா" என்றாள்.